குருவிக்குக் கட்டின கேசட்டுகள்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்புறம் அழுகை வரும். நல்லது அதற்கும் அப்புறம்தான். இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணினவள் நான், கோகிலாம்பாள். அவரைத் திட்ட எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

அவர் பெயர் சண்முகசுந்தரம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் சாவடிப்பேட்டையில் ஒருத்தரும் வழி சொல்ல மாட்டார்கள். மைக் செட் வீடு என்று கேட்க வேண்டும். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே போனால் வருகிற சின்ன ஊர். மேற்கே நெல்லும் கரும்பும், நடுவில் ஒரே ஒரு கடைத்தெரு, கிழக்கே குப்பம், அப்புறம் கடல். கல்யாணம், காதுகுத்து, தீமிதி, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஹாரன் கட்டுவது இவர்தான். யாராவது செத்துப்போனால் ஆட்டோவில் ஹாரனைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சாவு சொல்வதும் இவர்தான்.

அப்படிச் சாவு சொல்லப் போய்த்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன சங்கதி என்று கேட்டேன். இன்றைக்குச் செத்துப்போன மனுஷன் புயலில் ரெண்டு தடவை வீட்டைப் பறிகொடுத்து ரெண்டு தடவையும் திரும்பக் கட்டினவர், அவரைப் பற்றி நான் மைக்கில் சொன்னது பேரும் எடுக்கிற நேரமும்தான், மிச்சமெல்லாம் அவரோடேயே போகிறதே என்றார். போகாமல் பின்னே உங்கள் ஆட்டோவிலேயா ஏறி வரும் என்று கேட்டேன். நான் கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து டேப்ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வயசானவர்கள் இருக்கிற வீடாகப் போக ஆரம்பித்தார். உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்பார். ஊரில் சிரித்தார்கள். மைக் செட்காரன் வந்துவிட்டான், யாருக்கோ நேரம் நெருங்கிவிட்டது என்று கேலி பண்ணினார்கள். ஒரு பெரியவர் இவர் தலையைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கு இன்னும் டைம் கீதுப்பா, நீ அடுத்த வூட்டுக்குப் போ என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாராம். இதையும் வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு ரோஷமே கிடையாது. எனக்குத்தான் தெருவில் தலைகாட்டக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம்ம ஊர் எல்லையில் எப்படிச் சாமான் கடத்தினார்கள், எந்தப் புயலில் படகு கடைத்தெரு வரைக்கும் வந்து நின்றது, கோயில் குளத்தைத் தூர் வாரும்போது என்ன சண்டை, யார் யாரோடு ஓடிப்போனார்கள், எல்லாம் கேசட்டில் ஏறியது. அத்தனை பேரிலும் நன்றாகப் பேசினவர் உலகநாதன். கடற்கரைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த வீட்டின் பெரியவர். வாலிபத்தில் துவானில் வேலை பார்த்தவர். துவான் என்றால் அந்தக் காலத்துச் சுங்கச் சாவடி; எங்கள் ஊருக்குப் பேரே அதனால் வந்ததுதான். அவர் மருமகள் கஸ்தூரி. என்னைவிட ரொம்பச் சின்னவள். என்னை அக்கா என்றும் இவரை அண்ணா என்றும் கூப்பிடுவாள். கஸ்தூரிக்கு ஒரே பெண், கீதாஞ்சலி. அப்போது நாலு வயசு. தாத்தாவின் வேட்டி நுனியை விடவே விடாது அந்தக் குழந்தை. இவர் அங்கே பதிவு பண்ணப் போன நாளெல்லாம் அதுவும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் அந்த டிசம்பர் மாசத்து ஞாயிற்றுக்கிழமை. என்ன நடந்தது என்று இந்தக் கரையில் இருக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் வாங்குவதற்குத் தாத்தா கிளம்பியிருக்கிறார், பேத்தியும் கூடப் போயிருக்கிறது. ரெண்டு பேரும் திரும்பவில்லை. பெரியவர் உடம்பு மூணாம் நாள் கிடைத்தது. குழந்தை கிடைக்கவேயில்லை. வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் சுவரைத் தள்ளி, பெட்டி, துணி, ஆல்பம் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. அந்தப் பெண் இருந்தாள் என்பதற்கு ஒரு போட்டோ கூட மிஞ்சவில்லை.

பெரியவர் காரியமெல்லாம் முடிந்தபிறகு இவர் கஸ்தூரியிடம் போய், அம்மா, பாப்பா குரல் எங்கிட்ட இருக்கு, தாத்தா பேசுன கேசட்டுல அதுவும் பேசியிருக்கு என்றார். அவள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இப்ப வேணாம்ணா, என்னால முடியாது, வச்சிருங்க, நானே வந்து கேக்குறேன் என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இவர் அந்தக் கேசட்டைத் தானும் போட்டுக் கேட்கவில்லை. கேட்கிற முதல் ஆள் பெற்றவளாகத்தான் இருக்கணும் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்று கடைத்தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் எத்தனையோ முறை சொன்னான். அவன் ஏற்றினால் அவன் முதலில் கேட்டுவிடுவானாம். அதனால் வேண்டாமாம். இப்படி ஒரு மனுஷனோடு நான் காலம் தள்ளியிருக்கிறேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. கஸ்தூரிக்கு அப்புறம் பிள்ளை பிறக்கவில்லை. அவள் புருஷன் பெண்ணின் பேரை வீட்டில் எடுக்கவே விடமாட்டார். எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் போவாள். எனக்குத் தெரியும், ஆனால் கேட்டதில்லை.

போன மாசி மாசம் அவளே படியேறி வந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வா கஸ்தூரி என்றதற்குப் பதிலே இல்லை. எதிரில் வந்து உட்கார்ந்து என் உதட்டையே பார்த்தாள். அப்புறம் சத்தமாகப் பேசினாள். காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தம் அது.

"யக்கா, இடது காது சுத்தமாப் போயிடுச்சு. வலது காதும் போயிக்னே கீது, நரம்பு செத்துப்போச்சு, மெஷின் வச்சாலும் இரைச்சல்தான் கேக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு. அண்ணாகிட்ட சொல்லுக்கா. முழுசா அடைச்சிக்கிறதுக்குள்ள எம்பொண்ணு பேசுறத நான் ஒரு வாட்டி கேக்கணும்."

இவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அழவேண்டிய நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். இத்தனை காலம் காத்துவைத்த பொருளைக் கேட்டவளிடம் கொடுக்கப் போகிறார் அல்லவா. உட்காரும்மா, தண்ணி குடி, தோ எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தக் கத்த ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். கேசட் கட்டி வைத்த சாக்கை இறக்கினார். கட்டை அவிழ்த்தார். ஒரு கேசட்டை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார், அப்புறம் சாக்கைத் தலைகீழாகக் கூடத்தில் கொட்டினார். எல்லாம் சினிமாப் பாட்டு. அம்மன் பாட்டு. ஊர்க்காரர்கள் பேசின கேசட் ஒன்று கூட இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

பரணில் ரெண்டு சாக்கு இருந்தது. ரெண்டும் வெள்ளை யூரியா சாக்கு, ரெண்டுக்கும் ஒரே நீல நைலான் கயிறு. ஒன்றில் மைக் செட்டுக்குப் போடுகிற பாட்டுக் கேசட், இன்னொன்றில் ஊர்ப் பேச்சு. பொங்கலுக்குப் புது அரிசி கொண்டுவந்த இவர் தம்பி நவநீதன், ஓடாத கேசட் இருந்தால் கொடுங்கண்ணா, நெல்லு கதிர் விட்டா குருவி வரும் என்று கேட்டான். ஏம்பலத்தில் அவனுக்கு வயல். எங்கள் பக்கமெல்லாம் இது வழக்கம்தான். கேசட்டை உடைத்து உள்ளே இருக்கிற டேப்பை வயலுக்குக் குறுக்கே குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிவிடுவார்கள். வெயிலில் மின்னும், காற்றில் ஓயாமல் இரையும், குருவி பயந்துகொண்டு இறங்காது. இந்த மகானுபாவர் குளித்துக்கொண்டே, பரண் மேல சாக்குல கீது, எடுத்துக்கோடா என்று குரல் கொடுத்தார். அவன் கைக்கு எட்டின சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

போன் போட்டார். நவநீதன் உற்சாகமாகப் பேசினான். எல்லாத்தையும் கட்டியாச்சுண்ணா, சூப்பரா வேலை செய்யுது, ஒரு குருவி கிட்ட வரல என்றான். இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கஸ்தூரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் அவளிடம், தம்பி வீட்ல இருக்கும்மா, நாளைக்குக் கொண்டாந்துடுறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு அவளைக் காக்க வைப்பீர்கள், உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று கத்தினேன். நானே அவள் காதருகே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. கீழே கிடந்த பாட்டுக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, கெளம்புங்க, ஏம்பலம் போவலாம் என்றாள்.

பாகூர் போய் பஸ் மாறி ஏம்பலத்தில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. நவரைப் பட்டத்து நெல் கதிர் விட்டு நிற்கிறது. அதன் மேலே, குறுக்கும் நெடுக்குமாக, பழுப்பு நிற டேப். வரப்பில் நின்றால் வயல் முழுக்க ஓர் இரைச்சல். எங்கள் ஊரில் செத்துப்போனவர்கள் அத்தனை பேரும் அந்த டேப்பில்தான் இருந்தார்கள். இவர் வரப்பிலேயே செருப்பை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உடைத்த கேசட் கூடுகள் குவியலாகக் கிடந்தன. மேலே ஒட்டிய பேர்ச் சீட்டெல்லாம் நனைந்து கரைந்திருந்தது. எது யாருடைய டேப், எது எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டதற்கு நவநீதன் விழித்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது. ஆனால் அவிழ்க்க வேண்டும் என்றதும் வீம்பு பிடித்தான்.

"பால் புடிக்கிற நேரம்ணா இது. இப்ப அவுத்துட்டா குருவி கூட்டமா எறங்கும். பதரத்தான் அறுக்கணும். கொஞ்சம் பொறு, அறுப்பு முடிஞ்சதும் நானே சுத்திக் குடுக்குறேன்."

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் குரலை உயர்த்த ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன், எனக்குச் சொல்லியா தரவேண்டும். அறுப்பு வரைக்கும் டேப் தாங்குமா, அவள் காது தாங்குமா என்று கேட்டேன். உன் அண்ணன் புத்தி கெட்டவர், நீயும் ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எங்க வூட்ல போட்டுப் பாக்க மெஷினு ஏது அண்ணி என்று அவன் கேட்டான்.

அத்தனை நேரமும் கஸ்தூரி வரப்போரம் நடந்துகொண்டிருந்தாள். நாங்கள் என்ன பேசுகிறோம் என்பது அவளுக்குக் கேட்டிருக்காது. திரும்பி வந்து நவநீதனைப் பார்த்துச் சொன்னாள்.

"தம்பி, எம்பொண்ணு இதுலதான் எங்கியோ கீறா. எனக்குன்னு வேற ஒண்ணும் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் அவனே இறங்கி முதல் குச்சியைப் பிடுங்கினான்.

டேப்பை அவிழ்ப்பது என்ன லேசான வேலையா? காலையில் பனி காயும்வரை தொடக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். மதியம் காற்று எழும்பினால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். குச்சியில் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாத இடத்தில் பிளேடால் அறுக்க வேண்டும். வெயிலிலும் இழுவையிலும் பல இடத்தில் நூலாக மெலிந்திருந்தது, சில இடத்தில் எலி கடித்திருந்தது. நானும் இவரும் துண்டுதுண்டாகச் சுற்றினோம். கஸ்தூரி சேலைத் தலைப்பால் ஒவ்வொரு துண்டையும் துடைத்துக் கொடுத்தாள். டேப் போன பக்கமெல்லாம் குருவிகள் வந்து இறங்கின. நவநீதன் பெண்டாட்டி ஆதிலட்சுமி எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடி ஓடித் தட்டினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவள். தட்டுகிற சத்தத்தைக் கஸ்தூரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நாலைந்து நாள் அப்படிப் போய் வந்தோம். கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். இவர் பழைய கேசட் டெக்கைப் பிரித்து அதன் தேய்ந்த பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பேண்ட் போட்டு ஓடவைத்தார். பாட்டுக் கேசட்டுகளை உடைத்துக் கூடு எடுத்து, அதில் இந்தத் துண்டுகளைச் சுற்றி ஒட்டினார். முதல் கேசட்டைப் போட்டபோது சின்ன ஸ்பீக்கரில் யாரோ பேசுவது எனக்குக் கேட்டது. கஸ்தூரி ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, ஓடுதா என்று கேட்டாள்.

அப்புறம் வேறு வழி என்ன? ஆம்பிளிஃபயரை எடுத்து, ஹாரனை வாசல் வேப்பமரத்தில் கட்டி, அவளை அதன் நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பட்டப்பகலில் ஹாரன் பேசியது. சாவு சொல்கிறார்கள் என்று நினைத்துத் தெரு ஜனம் கூடிவிட்டது. வந்து நின்றபிறகுதான் தெரிந்தது பேசுகிறவர்கள் யார் என்று. அந்தப் புயலன்னிக்கி நாங்க எல்லாம் கோயில்லதான் படுத்திருந்தோம் என்று ஒரு ஆண் குரல் சொல்லும், என்ன ஆச்சு என்பதற்குள் அறுந்து ஒரு கிழவி சிரிப்பாள், அது முடியுமுன் இன்னொருத்தர் தன் மாட்டின் பேரைச் சொல்வார். கொஞ்சம் தலைகீழாகவும் ஓடும், அப்போது பாஷையே புரியாது. டெய்லர் கடைக்காரர் தன் அம்மா குரலைக் கேட்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். இன்னொரு வீட்டுப் பெண் ஓடிவந்து, எங்க அப்பா குரலைப் போடாதீங்க, எங்களால தாங்க முடியல, நிறுத்துங்க என்று சண்டை பிடித்தாள். இவர் நிறுத்தாமல் அடுத்த துண்டைப் போட்டார். வருகிற துண்டையெல்லாம் போனில் பிடித்து வைத்துக்கொண்டார். ஆனால் அவர் மனசு அதிலெல்லாம் இல்லை. ஒரே ஒரு குரலுக்காக உட்கார்ந்திருந்தார்.

நாள் தவறாமல் மதியம் கஸ்தூரி வந்துவிடுவாள். முதலில் ரெண்டு நாள் யார் பேசுகிறார்கள் என்று அவளே சொன்னாள். அப்புறம், ஆம்பளையா பொம்பளையா என்று மட்டும் சொன்னாள். அப்புறம் யாரோ பேசுறாங்க என்றாள். நான் பூஜை அறையில் போய் நின்று சாமியைத் திட்டினேன். அவளிடம் எடுத்தது போதாதா, ஒரு நாலு வார்த்தை காதில் விழுகிறவரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். மிச்சமிருந்த டேப் குறைந்துகொண்டே வந்தது. இவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. நான்தான் கோகிலா கொன்னுட்டேன், அந்தப் பாப்பாவ ரெண்டாவது தடவ நான்தான் கொன்னுட்டேன் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்ல மனசு வராமல் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தேன்.

அடுத்த நாள் ஹாரனில் உலகநாதன் வந்தார்.

அதே கரகரப்பு. துவான் கொட்டாயில நான் நிக்கிறேன், ஒருத்தி நெறமாசக்காரி மாதிரி வயித்தத் தள்ளிக்னு வரா, உள்ள பாத்தா அத்தினியும் சீமைத் துணி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கஸ்தூரி எழுந்து நின்றுவிட்டாள். மாமா, எங்க மாமா பேசுறாரு என்றாள். அவர் தடித்த குரல் அவளுக்குக் கேட்டுவிட்டது. பெரியவர் பேசிக்கொண்டே போனார். திடீரென்று நடுவில், சன்னமாக, கிட்டத்தில், ஒரு குழந்தை.

"தாத்தா, நானு... நானு சொல்றேன்..."

"ஏய், வாய மூடுடி. ஊர்க்கத புடிக்கிறாங்க இல்ல?"

ரெண்டாவதாக வந்தது கஸ்தூரியின் குரல். இருபது வயசு குறைந்த, கணீரென்ற குரல். அதற்கடியில் பொத்தின வாயிலிருந்து ம்ம் என்று ஒரு முனகல். அப்புறம், இன்னா சொல்லிக்னு இருந்தேன் என்று உலகநாதன் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து துணிக் கதையைத் தொடர்ந்தார். அந்தத் துண்டு முடியும்வரை, அதற்கடுத்து கிடைத்த அவருடைய துண்டுகள் முடியும்வரை, குழந்தை திரும்ப வரவேயில்லை.

இவர் டெக்கை நிறுத்தினார். நெறைய பேசியிருக்கான்னுதான் நெனச்சேன் கோகிலா என்றார். நிறையப் பேசத்தான் பேசியிருக்கிறது. டேப்பை நிறுத்தி அவர் காபி குடிக்கும்போது மடியில் ஏறி உட்கார்ந்து பேசியிருக்கிறது. ஓடும்போது எல்லாரும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கிறார்கள், ரெக்கார்டு கெட்டுவிடுமே என்று.

கஸ்தூரி என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"எங்கொரலு கேட்டுச்சுக்கா. யாரையோ அதட்டுனேன். எம்பொண்ணு எங்க?"

குழந்தையின் சன்னக் குரல் அவள் காதில் ஏறவில்லை. தன்னுடைய அதட்டல் மட்டும் ஏறியிருக்கிறது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தெருவே கேட்டு நிற்கிறது, எப்படிச் சொல்வது? அவள் வலது காதில் வாயை வைத்துக் கத்தினேன். தாத்தா நானும் சொல்றேன்னு பாப்பா சொன்னா. நீ வாய மூடுன்ன. அத்தனை பேர் முன்னால் அதை நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் வலது கையைத் தூக்கித் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஆமா. இந்தக் கையாலதான் பொத்துனேன். கடிச்சா. கடிச்சிட்டு ஓடிப்போய் மாமா பின்னால நின்னுக்குனா." அப்புறம் இவரைப் பார்த்து, "எங்கொரல எடுத்துடுங்கண்ணா. பாப்பா பேசுறத மட்டும் போடுங்க" என்றாள்.

இவர் திரும்பச் சுற்றினார். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, குழந்தை சொல்லி முடிக்கிற இடத்தில் நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. திரும்பவும் சுற்றினார். ஆயுசு முழுக்க இந்தப் பட்டனைத் தட்டின விரல் அது. குழந்தை சொல்லி முடிக்கவேயில்லை, அதன் வார்த்தை மேலேயே இவள் அதட்டல் ஏறி நிற்கிறது. ரெண்டுக்கும் நடுவில் இடமே இல்லை. கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் குழந்தையும் போய்விடுகிறது.

வரல இல்ல, என்று அவளே கேட்டாள். இவர் தலையை ஆட்டினார். அவள் நாற்காலியை ஹாரனுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அப்பிடியே போடுங்கண்ணா. யக்கா, பாப்பா பேசும்போது என் கைய அழுத்து."

அவர் போட்டார். உலகநாதன் பேசினார். குழந்தை, நானு என்றது. நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"ம், சொல்லு" என்றாள் கஸ்தூரி.

அதற்குள் ஹாரனில் அவள் குரலே வந்து வாயை மூடச் சொல்லிவிட்டது. அவள் என் கையை விடாமல், இன்னொரு வாட்டி போடுங்கண்ணா என்றாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பைத் திரும்பச் சுற்றினார்.